துவக்குக்குப் பூட்டுகிற கண்ணாடி

துவக்கு இல்லாதவனுக்குத் துவக்குக் கண்ணாடி எதற்கு என்று என்னிடம் இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மனைவி, வேலையிடத்து நண்பர் ஒருவர், அம்மா. முதல் இரண்டு பேருக்கும் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

எனக்குப் பழைய கண்ணாடிச் சாமான்களில் ஒரு கிறுக்கு உண்டு. பகல் முழுக்க மென்பொருள் எழுதுகிறவன் நான். அங்கே பிழையைக் கண்ணால் காண முடியாது, திருத்தினாலும் கையில் பிடிக்க முடியாது. ஒரு பழைய பைனாகுலரைக் கழற்றினால் பிழை அப்படியே தெரியும்: இந்த வில்லையில் பூஞ்சணம், இந்தத் திருகில் காய்ந்த கிறீஸ். துடைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது. நாலு வருசமாகப் பிள்ளைகள் படுத்த பிறகு சமையலறை மேசையில் இதுதான் என் பொழுதுபோக்கு.

பிராங்க்ஃபேர்ட்டில் மைன் ஆற்றங்கரையில் சனிக்கிழமைச் சந்தை ஒன்று நடக்கும். ஒரு சனி ஷௌமைன்கை கரையில், மற்றச் சனி ஒஸ்ற்ஹாஃபென் பக்கம். போன இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு முதியவர் கரண்டிகளுக்கும் காப்பிக் கோப்பைகளுக்கும் இடையில் ஒரு கறுத்த இரும்புக் குழாயை வைத்திருந்தார். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். தேய்ந்த எழுத்தில் 'ஹென்சோல்ட் வெற்ஸ்லார், டியாலிற்றான் 4 மடங்கு' என்று பொறித்திருந்தது. 120 யூரோ சொன்னார். மாமனார் வேட்டைக்காரராம், அலுமாரி துப்புரவாக்கியபோது கிடைத்ததாம். உள்ளே பார்த்தால் பால் ஊற்றின மாதிரி மங்கல். 85 யூரோவுக்குத் தந்தார்.

சட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஜேர்மனியில் துவக்கு வைத்திருக்கத்தான் அனுமதி அட்டை வேண்டும். இந்த மாதிரிச் சாதாரண நோக்குக் கண்ணாடி ஆயுதமாகக் கணக்கில் வராது, யாரும் வாங்கலாம். இலக்கின்மேல் வெளிச்சம் அடிக்கிற கருவிகளும் துவக்கில் பூட்டி இரவில் பார்க்கிற கருவிகளும் வேறு கதை, அவற்றுக்குக் கடுமையான சட்டம் உண்டு. ஆனால் இதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் 'சேர், இது என்ர பொழுதுபோக்கு' என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க என்னால் ஏலாது.

வெற்ஸ்லார் நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து ரெயினில் ஒரு மணித்தியாலம் அளவில். லான் ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஆனால் கண்ணாடி உலகத்தில் அது சின்ன ஊர் இல்லை. 1849இல் கார்ல் கெல்னர் என்பவர் அங்கே ஒரு பட்டறை போட்டார், பிறகு அதுதான் லைற்ஸ் கைக்குப் போய் லைக்கா கமராவின் பிறப்பிடம் ஆனது. கெல்னரின் நண்பர் மோரிற்ஸ் ஹென்சோல்ட். அவர் 1852இல் தனியாகத் தொழில் தொடங்கி, 1865இல் வெற்ஸ்லாருக்கு வந்தார். 1928இல் யேனா நகரத்துச் சைஸ் நிறுவனம் ஹென்சோல்டின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. போர் முடிந்ததும் அந்தச் சைஸே இரண்டாகப் பிளந்தது. அமெரிக்கர்கள் தலைமை விஞ்ஞானிகளை மேற்கே கூட்டிப் போனார்கள், சோவியத் படை தொழிற்சாலை இயந்திரங்களைக் கழற்றிக் கிழக்கே கொண்டு போனது. மேற்கில் ஒபர்கொஹென் ஊரில் ஒரு சைஸ், கிழக்கில் யேனாவில் ஒரு சைஸ், 1990க்குப் பிறகுதான் திரும்ப ஒன்று. எங்கள் அப்பா 1985 தொடக்கத்தில் மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்ளின் ஷோனஃபெல்ட்டில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷனால் மேற்குக்குக் கடந்து வந்தவர். அந்தக் காலத்தில் எங்கட ஆக்கள் கனபேர் அந்த வழியால்தான் வந்தார்கள். சைஸ் பிரிந்த கதையை அவருக்குச் சொன்னேன். "அப்ப இந்தக் குழாய் எந்தப் பக்கத்துச் சாமான்?" என்றார். மேற்குப் பக்கம் அப்பா, ஆனால் பிரிவினைக்கு முந்தினது. "விலை என்ன?" என்பது அடுத்த கேள்வி. சொல்லவில்லை.

பிரிவினைக்கு முந்தினது என்று எப்படித் தெரியும்? கண்ணாடியைச் சாய்த்து விளக்கின் பிரதிபலிப்பைப் பார்த்தால் தெரியும். இன்றைய வில்லைகளில் நீலமோ ஊதாவோ பச்சையோ ஒரு சாயல் அடிக்கும். அது மெல்லிய பூச்சு. 1935இல் யேனாவில் வேலை செய்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்ற உக்ரேனியர் கண்டுபிடித்தது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் திருப்பி அடித்துவிடும். 4 பங்கு சின்னக் கணக்கு மாதிரி இருக்கும். ஒரு குழாய்க்குள் அப்படிப் பத்து முகங்கள் இருந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்து சேராது. பூச்சுப் போட்ட சைஸ் சாமான்களில் ஒரு சிவப்பு 'ரீ' எழுத்து இருக்கும். என் குழாயில் எழுத்தும் இல்லை, நிறமும் இல்லை, வெறும் வெள்ளைப் பிரதிபலிப்புத்தான்.

இவ்வளவு வெளிச்சக் கணக்கு ஏன் என்றால், இந்த நாட்டு வேட்டை பொழுதுபடுகிற நேரத்து வேட்டை. காட்டுப்பன்றி பகலில் வெளியே வராது. காட்டோரம் மரக்கோபுரத்தில் ஏறி, சத்தமில்லாமல் மணிக்கணக்காக இருந்து, கடைசி வெளிச்சத்திலோ நிலவிலோ சுட வேண்டும். மெல்லிய சிலுவைக் கோடு அந்த இருட்டில் காணாமற் போய்விடும். அதனால் ஜேர்மன்காரர் தங்கள் கண்ணாடிக்குள் தடித்த கம்பிகளை வைத்தார்கள்: இடமும் வலமும் இரண்டு சலாகை, கீழேயிருந்து நடுவுக்கு ஏறுகிற கூரான ஒரு தூண். 'முதலாம் இலக்கக் குறி' என்று பெயர். அந்தத் தூணின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே குண்டு போகும்.

இன்னொரு விசயம். போர்க்காலத்தில் இதே டியாலிற்றான் வகை, படையின் குறிசுடுநர்களுக்கும் போனது. அப்போது தொழிற்சாலையின் பெயரைப் பொறிக்காமல் இரகசியக் குறியீடு போட்டார்கள். ஹென்சோல்டுக்கு 'பி.எம்.ஜே', யேனா சைஸுக்கு 'பி.எல்.சி'. அந்த எழுத்து இருந்தால் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுப்பார்கள். என் குழாயில் முழுப் பெயரும் இருந்தது, குறியீடு இல்லை. ஆகவே வேட்டைக்காரருக்கு விற்றது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் போர் தொடங்கிய புதிதில் கடைகளுக்குச் செய்தவையும் படைக்குப் போனதால், சத்தியம் பண்ண முடியாது. எழுத்து இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த எழுத்துக்காகப் பணம் கொடுக்கிற ஆசை எனக்கு விளங்குவதில்லை.

கழற்றின கதைக்கு வருகிறேன். கண் வைக்கிற பக்கத்து வளையம் எண்பது வருச அரக்கில் ஒட்டிக்கிடந்தது. விளிம்பில் ஒரு துளி அசற்றோன், ஒரு இரவு பொறுமை, காலையில் தலைமுடி உலர்த்தியின் சூடு. இரண்டு முனை உள்ள கவைச் சாவியை வளையத்தின் பள்ளங்களில் வைத்து மெல்லத் திருப்பினேன். மூன்றாம் நாள்தான் அசைந்தது. பலத்தைக் கூட்டினால் சாவி வழுக்கிக் கண்ணாடியில் கீறும், அந்தக் கீறலுக்கு மருந்தில்லை. ஒவ்வொரு துண்டும் வெளியே வர வர ஒரு படம் எடுத்தேன், ஒவ்வொரு வில்லையின் ஓரத்திலும் பென்சிலால் அம்புக்குறி போட்டேன். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று அடுத்த நாள் ஞாபகம் இருக்காது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கிறீஸின் ஆவிதான். பழைய எண்ணெய் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருந்தது. அதை ஐசோபுறோபனோலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் எடுத்துவிட்டன. முன் வில்லையின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். அதற்கு அப்போதெக்கவில் வாங்கின 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட். பூஞ்சணம் அமிலம் கக்கும், கனகாலம் இருந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். இதில் இரண்டு சின்னத் தழும்பு மிஞ்சின, பார்க்கும்போது தெரியாது. அசற்றோனை மட்டும் வில்லைக்குக் கிட்டக் கொண்டு போகக் கூடாது. அந்தக் காலத்தில் இரண்டு வில்லைகளைக் கனடா பல்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள், அசற்றோன் அதைக் கரைத்துவிடும். குறிக் கம்பிக்குக் காற்று அடிக்கவும் கூடாது. கம்பி அவ்வளவு மெல்லிய தகடு, ஊதினால் வளைந்து போகும். ஒரு மென்மையான தூரிகை, அதுவும் தொட்டும் தொடாமலும்.

குழாயின் வெளிப்புறத்தில், துவக்கோடு பூட்டின இடத்தில் இரண்டு துரு வளையங்கள். புதிதாகக் கறுப்பு ஏற்றிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, கிழவருக்குத் தலைமயிர்ச் சாயம் அடித்த மாதிரி இருக்கும். மிக மெல்லிய உருக்குப் பஞ்சில் பாலிஸ்டோல் எண்ணெயைத் தொட்டு, துருவை மட்டும் தேய்த்து எடுத்தேன்.

அந்த எண்ணெய்தான் காட்டிக்கொடுத்தது. பாலிஸ்டோலுக்கு ஒரு மணம் உண்டு, சோம்பு எண்ணெய் கலந்தது. அம்மா அந்தக் கிழமை எங்களோடு நிற்க வந்திருந்தா. சமையலறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சினா.

"என்ன தம்பி, இந்த நேரத்திலை பெருஞ்சீரகம் வறுக்கிறியோ?"

பிறகு மேசையைப் பார்த்தா.

"உது துவக்கிலை பூட்டுறதெல்லே?"

ஓம் அம்மா, வேட்டைக்காரரின்ரை, பழசு என்றேன். எதற்கு என்று கேட்டா. மனைவிக்கும் நண்பருக்கும் சொன்ன அதே பதிலை, பிழை கண்ணுக்குத் தெரியும் என்ற கதையை, அவவுக்கும் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டா. "பிள்ளையள் எழும்பமுதல் எடுத்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுக்கப் போனா.

எங்கள் அம்மா கோபக்காரி இல்லை. கோபம் வந்தால் கதைப்பா, அதனால் பயமில்லை. கதைக்காமல் போனதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. குழாயை இழுப்பறைக்குள் வைத்தேன். மனைவி ஒரு யோசனை சொன்னாள்: "அந்தக் கம்பியைக் கழட்டிவிட்டால் அது சும்மா தூரக் கண்ணாடிதானே?" உண்மைதான். குறிக் கம்பி ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது, பத்து நிமிசத்தில் எடுக்கலாம், காட்சியில் ஒரு குறையும் வராது. சேகரிப்பாளர் கண்ணில் விலை பாதியாகும், அது எனக்குப் பெரிசில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வேட்டைக்காரன் பன்றியைப் பார்த்த கண்ணாடி என்பதை மறைத்து, பறவை பார்க்கிற கண்ணாடி என்று பிள்ளைக்குக் காட்டுவதா? இன்னொரு பக்கம், அம்மா வந்து நிற்கிற வீட்டில் இப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டுமா? நான் இங்கே பிறந்தவன். துவக்குச் சத்தம் என்றால் எனக்கு ஊர்ச் சுடுநர் சங்கத்தின் கோடை விழாதான்.

அடுத்த சனிக்கிழமை, கடைசி வேலை மிச்சம். முன் வில்லையின் தூரம் சரியில்லை என்றால், கண்ணை அசைக்க அசைக்கக் குறிக் கம்பியும் இலக்கின்மேல் அசையும். வேட்டைக் கண்ணாடியை 100 மீற்றருக்குச் சரி செய்வார்கள். பல்கணியில் கமராக் காலில் குழாயைப் பூட்டி, எதிர்க் கட்டிடத்துப் புகைபோக்கியைப் பார்த்து, வில்லையைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜேர்மன் அம்மாவிடம் முதலே சொல்லிவைத்திருந்தேன், பொலிஸ் வந்து மணி அடிக்கக் கூடாதே. ஏழு வயது மகன் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தானும் பார்க்க வேண்டும் என்றான். தூக்கிக் காட்டினேன். குழாயைக் கையால் தானே திருப்பினான்.

"அப்பா, அந்த அன்ரி உடுப்புக் காயப் போடுறா. சரியா அந்த முனையிலை நிக்கிறா."

அம்மா அப்போது பல்கணிக் கதவடியில் நின்றா. அவன் சொன்னது கேட்டது. கிட்ட வந்து, அவனுடைய தோளைப் பிடித்து, மெல்லக் குழாயின் பக்கமிருந்து நகர்த்தினா. ஏசவில்லை. "அப்பு, மனிசரை உதாலை பாக்கிறேல்லை. மரத்தைப் பார், கட்டிடத்தைப் பார்." ஏன் அப்பம்மா என்றான் அவன். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஏன்.

அம்மா கதிரையில் இருந்தா. அவனுக்குத்தான் சொன்னா, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். 1986இல் அம்மா வேம்படிப் பள்ளிக்கூடத்தில் படித்தா. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி. போர்த்துக்கேயர் தொடங்கி, டச்சுக்காரர் ஐந்து மூலையாகப் பெருப்பித்த கோட்டை அது. முன்னுக்கு முற்றவெளி, ஒதுங்க ஒரு மரமில்லை. உள் ஒழுங்கைகளால் சுற்றித்தான் போய் வருவார்களாம். ஒரு நாள் சோதனை முடிந்து பிந்திவிட்டது. அம்மாவும் ஒரு சினேகிதியும் சைக்கிளில் வெளியின் ஓரத்தால் வந்தார்களாம். பாதி வழியில் சினேகிதியின் செயின் கழன்று போனது. இரண்டு பேரும் இறங்கி, குந்தியிருந்து செயினைப் பூட்டினார்களாம். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல்.

"கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். நிமிந்து பாக்கேல்லை. நிமிந்தா அவங்களும் பாப்பாங்கள் எண்ட மாதிரி ஒரு நினைப்பு."

சுட்டார்களா என்று மகன் கேட்டான். இல்லை, அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, செயினைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றா. அன்றைக்கு என்ற சொல்லை அவன் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன், ஆனால் அவனுக்கு முன்னால் கேட்கவில்லை.

முப்பத்தைந்து வருசமாக அம்மாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். பங்கர் கதை தெரியும், மண்ணெண்ணெய் வரிசை தெரியும். இந்தச் செயின் கதை எனக்குப் புதிசு.

அவன் விளையாடப் போன பிறகு அம்மா எழும்பி வந்து, ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, தானே குனிந்து குழாய்க்குள் பார்த்தா. கனநேரம் பார்த்தா. புகைபோக்கியின் கற்களை எண்ணலாம் போலக் கிடக்கு என்றா. பிறகு கேட்டா:

"உது எத்தினை மடங்கு?"

"நாலு."

"கோட்டை மதிலிலை இருந்து நாங்கள் நிண்ட இடம் ஒரு முந்நூறு யார் இருக்கும்."

நான் பேசாமல் கணக்குப் போட்டேன். முந்நூறை நாலால் பிரித்தால் எழுபத்தைந்து. எழுபத்தைந்து யாரில் ஒரு ஆளைப் பார்த்தால் என்ன தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா கணக்கில் என்னைவிடக் கெட்டி.

"அப்ப பள்ளிக்கூடப் பிள்ளையள் எண்டு தெரிஞ்சிருக்கும்" என்றா.

"அவங்களிட்டை இப்பிடிக் கண்ணாடி இருந்ததோ தெரியாது, அம்மா."

"இருந்திருந்தா."

"ஓம். தெரிஞ்சிருக்கும்."

அவ தலையாட்டினா. அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. குறிக் கம்பியை எடுத்துவிடவா என்று நான் கேட்டேன். எடுத்தால் அவவுக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன். அம்மா மூக்குக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டா.

"ஏன் எடுக்கோணும்? உள்ளது உள்ளபடி கிடக்கட்டும். அவன் கேட்டா என்னத்துக்கெண்டு சொல்லு. மனிசருக்கு நேரை பிடிக்க விடாதை, அவ்வளவுதான்."

ஆகவே கம்பி அதன் இடத்திலேயே இருக்கிறது. வில்லையின் தூரத்தை அன்றைக்கு முடிக்க முடியவில்லை, அடுத்த கிழமைதான் சரி வந்தது. இந்தக் காலத்துக் கண்ணாடிகள் மாதிரி உள்ளே நைட்ரஜன் அடைத்தது இல்லை என்பதால், ஈரப்பதன் குறைந்த ஒரு குளிர் நாளில் மூடினேன். இப்போது அது இழுப்பறைக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பைகளோடு கிடக்கிறது. மகன் இரண்டு தரம் எடுத்துக் கேட்டான். ஒரு தரம் பன்றி வேட்டையைப் பற்றிச் சொன்னேன். மற்றத் தரம் அவனே தமிழும் ஜேர்மனும் கலந்து, அப்பம்மாவின் சைக்கிள் செயின் கதையைத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கதையில் கோட்டைக்கு முதலைகள் உள்ள அகழியும் இருந்தது. நான் திருத்தவில்லை, அப்பம்மா வரும்போது அவவே திருத்தட்டும்.

இப்போது மேசையில் இருப்பது யேனாவில் கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் செய்த 8×30 யெனோப்ரெம் பைனாகுலர். ஒரு பக்கத்துப் பிரிசம் விலகி, பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அம்மா வீட்டு யன்னலுக்கு வெளியே குருவிகளுக்குத் தீன் வைக்கிற கூடு ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு தொலைபேசியில், அது திருந்தினால் தனக்குத் தரச் சொன்னா. தருகிறேன் என்றேன்.

"அதுக்குள்ளை கம்பி ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டா.

இல்லை அம்மா, வெறும் கண்ணாடிதான் என்றேன்.